தகவல் சொன்னால் போதும்

ஜனவரி 9

தம்பிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நீ வாத்தியாராகிவிடுகிறாய், நான் அப்பாவாகிவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

உலையின் கூரை இறங்குகிறது.

உனக்கு மறந்திருக்கும். கண்ணாடி உருகும் தொட்டிக்கு மேலே செங்கல் வளைவு இருக்கிறதல்லவா, அதன் முதுகில் ஆறு இரும்புக் கம்பிகள் நிற்கும். கூரை அசைந்தால் கம்பி அசையும். உலையண்ணன் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் ஏணியில் ஏறி, கம்பியின் நுனிக்கு நேராகப் பக்கத்துச் சட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். ஒன்பது வருடமாகக் கோட்டின் மேல் கோடு விழுந்து ஒரே கோடாகத் தெரிந்தது. இப்போது தனித்தனியாகத் தெரிகிறது. மூன்றாம் கம்பி ஒரு விரல் அளவு கீழே.

"ஒரு விரல்தானேண்ணே" என்றேன்.

"விரல்தாம்மா. கழுத்துல வெச்ச விரல்."

அணைத்துவிட்டுக் கூரையைப் பிரித்துக் கட்ட வேண்டும் என்கிறார். இரண்டு மாதம். நம் பாட்டில்களை வாங்கும் மருந்துக் கம்பெனிக்காரர் ஏப்ரல் முடிகிற வரை ஒருநாள்கூடச் சப்ளை நிற்கக் கூடாது என்கிறார். அவர் போனால் தானும் போக வேண்டியிருக்கும் என்று பேங்க் மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிக்காமல் சொல்லியிருக்கலாம். இரண்டு மாதம் வேலை இல்லையென்றால் நூற்றுப்பத்து வீட்டில் எப்படி அடுப்பு எரியும் என்று சங்கத் தலைவர் கேட்கிறார். ஒவ்வொருவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது. அதுதான் என் கஷ்டம்.

உலையை அணைப்பதற்கோ, பழுதோடு ஓட்டுவதற்கோ நம் இருவர் கையெழுத்தும் வேண்டும். அப்பா வைத்த விதி. "ஒருத்தர் கோபத்துல அணைச்சிடக் கூடாது, ஒருத்தர் ஆசையில எரிய விட்டுடவும் கூடாது" என்பார். நீ ஊரைவிட்டுப் போன அன்று டாக்சியை வாசலில் நிறுத்திவைத்து, பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இருபது வெள்ளைத் தாள்களில் கையெழுத்துப் போட்டாய். இனி என்னைக் கூப்பிடாதே என்பதற்கு அவ்வளவு மரியாதையான வழி எனக்குத் தெரிந்து வேறில்லை. பதினெட்டைச் சுற்றுச்சுவருக்கும் லாரிக்கும் லைசென்ஸுக்கும் செலவழித்துவிட்டேன். இரண்டு மீதி இருக்கின்றன.

இந்த விஷயத்துக்கு நானாக ஒன்றை எடுத்து எழுத மனம் வரவில்லை. என்ன எழுதட்டும், சொல்.

அக்கா

ஜனவரி 21

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வகுப்புக்குப் போகும் வழியில் படித்தேன். வகுப்பிலும் அதையே நடத்தினேன். பெயர் சொல்லவில்லை. ஒரு தொழிற்சாலை, ஒரு உலை, பல பேர் என்று மட்டும் சொன்னேன்.

நீ குழம்புவதற்குக் காரணம், எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறாய். ஒரு தொழிலில் பாத்தியப்பட்டவர்கள் எல்லாரும் ஒன்றல்ல. ஒரு தாள் எடு. குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. நான்கு கட்டம். செல்வாக்கும் அக்கறையும் உள்ளவர்கள் ஒரு கட்டத்தில்: மருந்துக்காரர், பேங்க். இவர்களைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். செல்வாக்கு உண்டு, அன்றாட அக்கறை இல்லை: அரசாங்கத்து ஆய்வாளர். இவர் திருப்தியாக இருந்தால் போதும். சங்கத் தலைவர் கோட்டின் மேலேயே நிற்கிறார், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்வார். அக்கறை நிறைய, செல்வாக்குக் குறைவு: உலையண்ணன். இந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்குத் தகவல் சொன்னால் போதும். இரண்டும் இல்லாதவர்களுக்கு எதுவும் வேண்டாம்.

படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

இது இரக்கமற்ற படம் என்று ஒரு மாணவி சொன்னாள். படங்களுக்கு இரக்கம் கிடையாது என்றேன். வகுப்பு சிரித்தது.

இங்கே அறையில் ஜன்னல் ஒன்று. எதிரே சுவர். மதியம் இருபது நிமிடம் வெயில் அதன்மேல் வந்து போகும். அதைப் பார்ப்பதுதான் என் பெரிய வேலை. உலை, கம்பி, விரல் எல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருக்கிறது. எழுதக் கூடாததை எழுதுகிறேன்.

நீ எது செய்தாலும் எனக்குச் சம்மதம்.

தம்பி

பிப்ரவரி 4

தம்பிக்கு,

என்ன எழுதட்டும் என்று கேட்டேன். படம் வரைந்து அனுப்பியிருக்கிறாய். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோதும் இப்படித்தான், மருந்து வேண்டுமா என்றால் காகிதத்தில் யானை வரைந்து கொடுப்பாய்.

ஆனால் உன் படம் வேலை செய்கிறது. நேற்று எல்லாரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டேன். நாற்காலி போடும்போதே உன் கட்டங்கள் தெரிந்தன. மருந்துக்காரருக்கும் பேங்க்காரருக்கும் கைவைத்த நாற்காலி. தலைவருக்குக் கையில்லாதது. உலையண்ணன் கதவோரம் நின்றார். உட்காரச் சொல்லவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

மருந்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "மேடம், எனக்கு உலை தெரியாது, கூரை தெரியாது. பாட்டில் வருதா வரலையா?" என்றார்.

தலைவர் உலையண்ணனைப் பார்த்து, "ஏன்ணே, இன்னும் மூணு மாசம் தாங்காதா? உங்களைவிட அந்தக் கூரைக்கு வயசு கம்மிதானே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

உலையண்ணன் சிரிக்கவில்லை. "தாங்கலாம். தாங்காமலும் போகலாம். நான் சொல்றது அவ்வளவுதான். கீழ நிக்கிறது நாங்க" என்றார்.

அதோடு காபி வந்துவிட்டது.

உன் தாளில் எழுதிவிட்டேன்: ஏப்ரல் 30 வரை உலை ஓடலாம், அதன்பின் நிறுத்திப் பழுது பார்ப்பது. கீழே என் கையெழுத்தும் போட்டாயிற்று. ஆனால் ஃபைலில் சேர்க்கவில்லை. பதினெட்டாம் தேதி வரை என் மேஜை டிராயரில் இருக்கும். வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது. தாளைக் கிழித்துப்போட்டு, மருந்துக்காரரிடம் என் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு வரி வந்தால் எனக்கு நிம்மதிதான். பழி உன் தலையில் விழும், தூக்கம் என் கண்ணில் வரும்.

பதினெட்டு.

அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

விடைத்தாள் திருத்தும் வாரம். வந்த தபால்கள் மேஜையில் ஒரு வாரமாக அப்படியே கிடந்தன. நேற்றுத்தான் பிரித்தேன். பதினெட்டு தாண்டிவிட்டது. மன்னித்துக்கொள்.

உன் உறையோடு இன்னொரு உறையும் வந்திருந்தது. உலையண்ணன் எழுதியது. என் முகவரியை எங்கே பிடித்தாரோ. கோடுபோட்ட நோட்டில் கிழித்த ஒரே தாள். அதன் நடுவில்:

"தம்பி, கையெழுத்து உங்களோடது, அதனால உங்களுக்கு எழுதுறேன். உங்க அக்காகிட்ட சொல்லிட்டேன். அவங்களுக்கு நாலு பக்கமும் இழுக்கிறாங்க, தப்பு சொல்லலை. மூணாம் கம்பி இப்ப ஒன்றரை விரல். பகல்லயே கூரையில சின்னதா தீ நாக்கு வெளிய வருது. எலி வளைன்னு சொல்லுவோம். எலி வளை விழுந்த கூரை எத்தனை நாளுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா நிக்கும். நான் சொன்னா நிக்காது. உங்க அப்பா இருந்தா நான் சொன்னாலே நின்னிருக்கும்."

அவ்வளவுதான். கடைசி வரியைத் தவிர்த்திருக்கலாம்.

கடிதத்தை உன் கவனத்துக்கு அனுப்புகிறேன். அவருடைய கவலை தெரியவந்தது என்று நீயே அவரிடம் சொல்லிவிடு. இங்கிருந்து நான் பதில் எழுதினால் உனக்கு மேலே போய்விட்டதாக ஆகும். அது உனக்கு நல்லதல்ல.

எனக்கு ஜூனில் துறைத்தலைவர் பதவி வரலாம். சொல்லவேண்டும் என்று தோன்றியது.

தம்பி

மார்ச் 3

தம்பிக்கு,

ஒரு மனுஷன் உனக்கு எழுதினார். நீ அதை எனக்கு அனுப்பிவிட்டாய். அது அவருக்கு என்ன செய்யும் என்று ஒரு நிமிடம் யோசித்தாயா? உனக்கு அது தபால். எனக்கு அது, பதினைந்து வருடமாகப் பக்கத்தில் நின்றவர் என் முதுகுக்குப் பின்னால் போனது.

கோபத்தில் செய்தேன் என்றுதான் வைத்துக்கொள். உலையண்ணனைக் கிடங்குக்கு மாற்றிவிட்டேன். பெட்டி எண்ணும் வேலை. ஆர்டரைக் கையில் கொடுத்தபோது, "சரிம்மா" என்றார். சாக்பீஸ் டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். தலைவருக்குச் சந்தோஷம். "வயசானவங்க பயமுறுத்திக்கிட்டே இருப்பாங்க மேடம், புள்ளைங்களுக்குக் கை நடுங்குது" என்றார்.

உலைக்கு இப்போது சின்னவர். உலையண்ணனிடம் ஆறு வருடம் வேலை கற்றவர், அதனால் எல்லாரும் சின்னவர் என்பார்கள். கல்யாணமாகி ஒரு வருடம். "உங்களுக்குத் தெரியுமில்ல?" என்றேன். "தெரியும் மேடம்" என்றார். தெரியாது என்று அந்த அறையில் யார் சொல்வார்கள்?

இருபதாம் தேதி மருந்துக் கம்பெனியிலிருந்து நான்கு பேர் சுற்றிப்பார்க்க வருகிறார்கள். எல்லா இடத்துக்கும் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். இரும்பு முழுக்க வெள்ளி நிறம். புதுசு போல மின்னுகிறது. பார்க்கும்போது எனக்கே நம்பிக்கை வருகிறது.

உன் பதவிக்கு வாழ்த்து.

அக்கா

மார்ச் 27

அக்கா,

ஆபீஸ் கிளார்க் போன் செய்தார். இரண்டு பேர் என்றார். யார் என்று கேட்பதற்குள் அவர் அழுதுவிட்டார்.

ஸ்டேஷன் வரை போனேன். டிக்கெட் எடுத்தேன். வண்டி வந்தது, போனது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னவென்று சொல்ல. கால் எழவில்லை என்றால் பொய். எழுந்தது. அறைக்குத் திரும்பி நடந்தது.

நீ நன்றாக இருக்கிறாயா? கேட்கக் கூடாத கேள்வி. கேட்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

நீ வரவில்லை. வந்திருந்தாலும் நான் உன்னோடு பேசியிருக்க மாட்டேன். ஆனாலும் நீ வரவில்லை.

காலை பத்தே முக்கால். டீ மணி அடித்துப் பத்து நிமிடம், அதனால்தான் இரண்டு பேரோடு போயிற்று என்று எல்லாரும் சொல்கிறார்கள். "இரண்டு பேரோடு போயிற்று." இப்படி ஒரு வாக்கியம் எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது, பார். கூரை நடுவில் உடைந்து தொட்டிக்குள் விழுந்தது. உருகிய கண்ணாடி மேடையெங்கும் தெறித்தது. மேடையில் சின்னவர். பக்கத்தில், உடைசல் கூடையைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்த கூலிக்கார அம்மா. கழித்துப்போட்ட பாட்டில்களைப் பொறுக்கி, உடைத்து, உலை வாயில் சேர்க்கிற வேலை. உன் படத்தில் அந்த அம்மாவைத் தேடினேன். நான்கு கட்டத்திலும் இல்லை.

சட்டத்தில் உலையண்ணன் போட்டிருந்த கோடுகள் எல்லாம் வெள்ளி பெயின்ட்டுக்குள் போய்விட்டன. அது என் ஆர்டர். சின்னவர் கிடங்குக்குப் போய்க் கேட்டிருக்கிறார்: "அண்ணே, பழைய கோடு தெரியலையே, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" உலையண்ணன் ஏணியில் ஏறிப் பார்க்க வருகிறேன் என்றாராம். கிடங்கு ஆள் உலைப்பக்கம் வரக் கூடாது என்று ஆர்டரில் இருந்தது. அதுவும் நான் எழுதியதுதான். கடைசியில் சின்னவர் அன்றைக்குக் கம்பி நின்ற இடத்தையே முதல் கோடாக வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் ஒழுங்காகக் கோடு போட்டிருக்கிறார். ஒன்றன்மேல் ஒன்று. பழைய கோடு இல்லாததால், பார்த்தால் கூரை இறங்கவே இல்லாததுபோல் இருந்தது. ஒரே ஒருநாள், கடைசி நாள், கோடு போடவில்லை. அதற்குள் விழுந்துவிட்டது.

அந்த ஒருநாளைத்தான் இப்போது எல்லாரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். போன சனிக்கிழமை அதே அறையில், அதே நாற்காலிகளில் உட்கார்ந்து பேசினார்கள். மருந்துக்காரர் மெதுவாக, "உங்க ஆளோட கவனக்குறைவுன்னா எங்க பேர் இதுல வராது" என்றார். பேங்க்காரர் தலையாட்டினார். தலைவர் என் முகத்தைப் பார்க்காமல், "செத்தவன் திரும்பி வந்து பேசப்போறதில்லை மேடம். இருக்கிற நூத்திப்பத்து பேரைப் பார்க்கணும்ல" என்றார். முதல் தடவையாக அந்த அறையில் எல்லாருக்கும் ஒரே அக்கறை.

சின்னவர் மேல் தப்பு என்று எழுதிவிட்டால் அவர் மனைவிக்கு எதுவும் கிடையாது. அந்தப் பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. விசாரணை அதிகாரி கூப்பிட்டபோது வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தது. நான் போகும்போது எழுந்து நின்றது. இன்னும் என்னை முதலாளி என்று நினைத்து எழுந்து நிற்கிறது.

அதிகாரி உன் தாளைக் காட்டினார். "எழுத்து யாருது?" என்னுடையது. "கையெழுத்து?" தம்பியுடையது. "கூரையோட நிலைமை தெரிஞ்சுதான் போட்டாரா?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் பேனாவை மூடினார். இருபத்தேழாம் தேதி, திங்கள், பத்து மணிக்கு மறுபடி.

உலையண்ணன் உனக்கு எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. ஏற்கெனவே எச்சரிக்கை இருந்தது என்பதற்கு, நம் கடிதங்களை விட்டால், அது ஒன்றுதான் எழுத்தில் உள்ள சாட்சி. அது இல்லையென்றால் உலையண்ணன் சொல்வது, வேலை மாற்றப்பட்டவரின் வயிற்றெரிச்சல் என்று போய்விடும். நீ தப்பித்துவிடுவாய். பாதி நானும் தப்பிப்பேன். எரித்துவிடலாம் என்று நேற்று எடுத்தேன். ஒன்பது வருடம் அணையாத இடம். கட்டடம் முழுக்கத் தேடியும் ஒரு தீக்குச்சி கிடைக்கவில்லை.

இந்தத் தடவை படம் வரையாதே. கடிதத்தை என்ன செய்ய? ஒரு வார்த்தை.

அக்கா

ஏப்ரல் 15

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதல் தாளில் ஒரே வார்த்தை இருந்தது. எரி என்று.

ஒன்று சொல்ல வேண்டும். தபால் மேஜையில் கிடந்தது என்று எழுதினேன். கிடக்கவில்லை. உன் உறையையும் அவருடையதையும் பன்னிரண்டாம் தேதியே பிரித்தேன். நின்றபடியே படித்தேன். பிறகு இரண்டையும் மறுபடி உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டினேன். யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் ஒட்டினேன். ஆறு நாள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் வெயில் வந்தது, போனது. பத்தொன்பதாம் தேதி காலையில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

வேண்டாம் என்று எழுதியிருந்தால் நான் ஊருக்கு வரவேண்டியிருக்கும். நூற்றுப்பத்து பேருக்கு முன்னால் நிற்கவேண்டியிருக்கும். சரி என்று எழுதினால் அது என் எழுத்தில் இருக்கும். எழுதாமல் இருப்பது ஒன்றும் செய்யாதது போலத் தெரிந்தது.

கொடு என்று எழுத இப்போதும் முடியவில்லை. ஜூன் வருகிறது. அசிங்கம்தான். தெரிந்தே எழுதுகிறேன்.

நீ எது செய்தாலும் எனக்குச் சம்மதம்.

தம்பி

ஏப்ரல் 24

தம்பிக்கு,

அதே வாக்கியம். ஜனவரிக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

நேற்று உலையண்ணனை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டேன். கைவைத்த நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் அதைப் பார்த்தார். உட்காரவில்லை.

மேஜையில் மூன்று காகிதங்களை வைத்தேன். அவர் உனக்கு எழுதியது. அவரைக் கிடங்குக்கு மாற்றிய என் ஆர்டர், அதன் பின்பக்கம் பெயின்ட் அடிக்கச் சொன்னது யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பிறகு, பதினைந்தாம் தேதியிட்ட உன் கடிதம்.

"என்னம்மா இது?"

"நீங்களே வெச்சுக்குங்க. திங்கக்கிழமை அதிகாரிகிட்ட குடுக்கிறதும் கிழிச்சுப் போடுறதும் உங்க இஷ்டம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். உன் கடிதத்தை மட்டும் இரண்டு தடவை. ஒட்டின உறை வருகிற இடத்தில் விரல் நின்றது.

"ஒரு வார்த்தை கேட்டேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க என்னை அங்கேருந்து மாத்தலைன்னா மேடையில நான் நின்னிருப்பேன்மா. அந்தப் பையன் டீ குடிக்கப் போயிருப்பான். தினமும் அதுதான் ஓடுது."

என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் காகிதங்களை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சொல்றேன்" என்றார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். எங்கே போகிறார் என்று ஜன்னலில் பார்த்தேன். சின்னவர் வீட்டுப் பக்கம் திரும்பினாரா, சங்க ஆபீஸ் பக்கமா, மூலையில் லாரி நின்று மறைத்துவிட்டது.

அவரிடம் கொடுக்கும் முன் உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் சம்மதம் என்றுதானே சொல்லியிருப்பாய்.

மீதியிருந்த ஒரு வெள்ளைத் தாளை இத்துடன் அனுப்புகிறேன். உன் கையெழுத்து உன்னிடமே இருக்கட்டும். மேலே எழுத என்னிடம் எதுவும் இல்லை.

வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்த உன் படத்தை இன்னும் எடுக்கவில்லை. இன்று காலை அதன்முன் நின்று பார்த்தேன். அக்கறை நிறைய, செல்வாக்கு இல்லை. அந்தக் கட்டத்தில் இப்போது இரண்டு பேர், நீயும் நானும்.

திங்கள், பத்து மணி. தகவல் வந்தால் சொல்கிறேன்.

அக்கா